கரை தேடும் படகுகள்

படகு சொந்தம். அதைக் கரையேற்றித் தன் கையால் செப்பனிட இடம்தான் கிடைப்பதில்லை. மலை ஏரியிலிருந்து இரு கடற்கரைகள் வரை தொடரும் பிரச்னை இது.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் படகுக்கு என்ன வேலை? இடுக்கி மாவட்டம் சின்னக்கானலுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு இந்தச் சந்தேகம் எழுவதில்லை. தேயிலைச் சரிவுகளுக்குக் கீழே ஆனையிறங்கல் நீர்த்தேக்கம் கண்ணில் பட்டதுமே, படகுச் சவாரி உண்டா என்றுதான் விசாரிக்கிறார்கள். பன்னியாறு மின் திட்டத்துக்காகத் தேக்கிய தண்ணீர் அது. யானைகள் தண்ணீர் குடிக்க இறங்கும் இடம் என்பதால் அந்தப் பெயர். மாட்டுப்பட்டி, குண்டளை, தெற்கே தேக்கடி என்று இந்த மலைகளில் தேங்கிய தண்ணீரைத் தேடிப் படகும் வந்து சேர்ந்தது. வந்த படகு பழுதானால் எங்கே போகும் என்று சவாரி போகிறவர்கள் கேட்பதில்லை. கேட்டால் சங்கடமான பதில்தான் கிடைக்கும்.

சின்னக்கானல் வட்டாரத்தின் வழியே போகிறது தேசிய நெடுஞ்சாலை 85. மேற்கே இறங்கினால் கொச்சி. கிழக்கே போடிமெட்டு வழியாக இறங்கினால் தேனி, மதுரை, கடைசியில் தொண்டி. எண் 49 என்று அழைக்கப்பட்ட காலத்தில் இந்தச் சாலை தனுஷ்கோடி வரை போனது. ஒரு முனையில் அரபிக் கடலின் படகுத் தளங்கள், மறுமுனையில் பாக் நீரிணையின் மீன்பிடிக் கரைகள், நடுவே தளமே இல்லாத மலை ஏரி. படகைத் தானே பராமரிக்க நினைப்பவரின் கதையை இந்த ஒரே சாலையில் போய்த் தெரிந்துகொள்ளலாம்.

முதலில் மலை. நான்கைந்து பேர் உட்காரும் சிறு படகை லாரியில் ஏற்றிச் சமவெளிக்கு அனுப்பலாம். அடுக்குப் படகை அப்படி அனுப்ப முடியாது. கொண்டை ஊசி வளைவுகளில் அதை ஏற்றி இறக்குவது லேசான காரியமல்ல. ஏரியில் ஒருமுறை இறங்கிய பெரிய படகுக்கு ஏரிக்கரைதான் பிறகு பட்டறை. மின் உற்பத்திக்காகத் திறந்துவிட்டு நீர்மட்டம் இறங்கும் கோடையில் கரையின் சேறு வெளியே தெரியும். படகின் அடிவயிற்றைப் பார்க்க வசதியான காலமும் அதுதான்.

உப்புத் தண்ணீர் இல்லாததால் பராமரிப்பு சுலபம் என்று நினைக்கத் தோன்றும். ஓரளவு உண்மைதான். கடலில் படகின் அடியில் அப்பிக்கொள்ளும் சிப்பி வகைகளும் மரத்தைத் துளைக்கும் கடற்புழுவும் இங்கே இல்லை. ஆனால் இப்போதைய படகுகள் பெரும்பாலும் பைபர். கண்ணாடி இழையும் பிசினும் கலந்த அந்த ஓட்டுக்குள் கடல் தண்ணீரைவிட நல்ல தண்ணீர் வேகமாக ஊடுருவும். மேலே பூசிய வழவழப்பான படலத்தைத் தாண்டி உள்ளே போகும் நீர், சரியாக இறுகாத பிசினோடு சேர்ந்து அழுத்தம் கொடுக்க, அடிப்பாகத்தில் அம்மை போட்டதுபோல் கொப்புளங்கள் கிளம்பும். கொப்புளத்தைச் சுரண்டி எடுத்து, வாரக்கணக்கில் காயவைத்து, ஈரம் புகாத பூச்சை அடுக்கடுக்காகப் பூச வேண்டும். அதற்கு வறண்ட காற்றும் ஓரளவு வெப்பமும் தேவை. ஜூன் முதல் நவம்பர் வரை இந்த மலையில் மழை. டிசம்பர், ஜனவரியில் நடுங்கவைக்கும் குளிர், அதில் பிசின் இறுகாது. மிஞ்சுவது பிப்ரவரியிலிருந்து மே வரை. படகுக்குக் காசு கொட்டும் பருவமும் அதுவேதான். கோடை விடுமுறைக் கூட்டம் வரிசையில் நிற்கும்போது எந்த உரிமையாளர் படகைக் கவிழ்த்துப் போட்டுக் காயவைப்பார்?

சமவெளியில் உள்ள உரிமையாளருக்காவது தளங்கள் உண்டு. ஆனால் உலகெங்கும் படகுத் தளங்கள் இரண்டு சாதி. ஒன்று இடத்தை மட்டும் வாடகைக்கு விடும்: படகைக் கரையேற்றித் தரும், முட்டுக் கொடுக்கும், நாள் வாடகை வாங்கும். ஆளும் பொருளும் உரிமையாளருடையது. இன்னொன்று படகை ஒப்படைத்துவிட்டுப் போகச் சொல்லும். சாவியைக் கொடுத்தால் போதும், வேலை முடிந்ததும் பில் வரும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சொந்தக் கையால் வேலை செய்ய விடும் தளத்தைத் தேடி மைல் கணக்கில் படகை ஓட்டிப் போகிறவர்கள் உண்டு.

மறுக்கும் தளங்கள் சொல்லும் காரணங்கள் அற்பமானவை அல்ல. முட்டுக் கட்டை சரிந்து ஆள் நசுங்கினால் இழப்பீடு யார் தருவது? பழைய வர்ணத்தைச் சுரண்டும்போது பறக்கும் தூசு விஷம். கடல் உயிரிகள் ஒட்டாமலிருக்க ஒரு காலத்தில் பூசிய வெள்ளீயக் கலவை வர்ணம் சிப்பி இனங்களையே முடமாக்கியதால், சர்வதேச ஒப்பந்தம் ஒன்றின் மூலம் 2008 முதல் அது தடை செய்யப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த தாமிர வர்ணமும் தண்ணீருக்கு நல்லதல்ல. இவை போக, தளத்துக்காரர் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. கூலியில்தான் லாபம். வெறும் இடத்தில் என்ன வரும்?

உரிமையாளர் தரப்பு நியாயமோ வேறு வகையானது. பணம் மிச்சம் என்பது அதில் ஒரு பகுதிதான். எந்தப் பலகை எப்போது மாற்றியது, எந்த இணைப்பில் கசிவு தொடங்கும், இறைப்பானின் எந்தக் குழாய் அடைத்துக்கொள்ளும் என்பதெல்லாம் அடியில் படுத்து வேலை செய்தவருக்குத்தான் தெரியும். நள்ளிரவில் கரையிலிருந்து 40 கடல் மைல் தொலைவில் இயந்திரம் நின்றால் தளத்திலிருந்து மெக்கானிக் வரப்போவதில்லை. தன் படகைத் தானே பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் கரை திரும்பும் வாய்ப்பு அதிகம்.

ஆனால் சொந்தக் கை என்ற வாதத்துக்கு ஒரு கறுப்பு நாள் உண்டு. 2023 மே 7. மலப்புரம் மாவட்டம் தானூரில், தூவல் தீரம் கடற்கரை அருகே அந்தி மயங்கும் வேளையில் ‘அட்லாண்டிக்’ என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். பாதிக்கு மேல் குழந்தைகள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியது உடனடிக் காரணம். அதற்கும் முந்திய காரணம் விசாரணையில் வெளியானது: அது பிறப்பால் சுற்றுலாப் படகே அல்ல, மீன்பிடிப் படகு. உரிமம் இல்லாத தளம் ஒன்றில் மேல்தட்டும் இருக்கைகளும் பொருத்தி உருமாற்றியிருந்தார்கள்.

இதில் உள்ள ஆபத்தைப் புரிந்துகொள்ள எஞ்சினீயரிங் படிக்க வேண்டியதில்லை. மீன்பிடிப் படகு, மீனும் ஐஸும் அடிவயிற்றில் நிறையும் என்ற கணக்கில் கட்டப்படுவது. எடை கீழே இருக்கும்வரை அலையில் சாய்ந்தாலும் நிமிர்ந்துவிடும். அதே உடலின் மேல் ஒரு தட்டு அமைத்து அதில் ஆட்களை நிறுத்தினால், எடை மேலே ஏறிவிடுகிறது. எதையோ பார்க்க எல்லோரும் ஒரு பக்கம் நகர்ந்தால், சாய்ந்த படகு நிமிராது. மீன்பிடிப் படகே ஆகாத, சுற்றுலாவுக்கென்றே கட்டிய அடுக்குப் படகுகளுக்கும் இந்த விதிதான். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ‘ஜலகன்யகா’ கவிழ்ந்து 45 பேர் இறந்தபோது, அதில் தமிழ்நாட்டுக் குடும்பங்களும் இருந்தன. அந்தப் படகு பழையதல்ல. பைபரில் கட்டி, ஏரியில் இறங்கிச் சில வாரங்களே ஆகியிருந்த புதுப் படகு.

தேக்கடி விபத்துக்குப் பிறகு சட்டம் இறுகியது. கேரளம் 2010இல் உள்நாட்டுக் கலங்களுக்கான விதிகளைக் கொண்டுவந்தது. 1917ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் போய் 2021இல் புதிய உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்தது. பயணிகள் ஏறும் படகுக்கு வரைபட ஒப்புதல் வேண்டும், பதிவு வேண்டும், ஆண்டுச் சோதனை வேண்டும். இது போகக் குறிப்பிட்ட இடைவெளியில் தண்ணீரிலிருந்து முழுக்கத் தூக்கி அடிப்பாகத்தைக் காட்டவும் வேண்டும். கேரளத்தின் படகு வீடுகளுக்கு இது மூன்றாண்டுக்கு ஒருமுறை.

குறை சொல்ல முடியாத விதி. ஆனால் காகிதத்தில் எழுதுபவர்கள் ஒரு சின்ன விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். தூக்கிக் காட்ட இடம் வேண்டும். வேம்பநாட்டுக் காயலில் நூற்றுக்கணக்கில் படகு வீடுகள் மிதக்கின்றன. அவற்றைக் கரையேற்றும் வசதியுள்ள தளங்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. மழைக்காலத்தில் சுற்றுலா ஓயும்போது எல்லோரும் ஒரே சமயத்தில் இடம் கேட்பார்கள். காத்திருக்க முடியாதவர், தென்னந்தோப்பு ஓரமாக யாரோ ஒருவர் நடத்தும் பெயரில்லாத் தளத்தைத் தேடிப் போவார். அங்கே கேள்வி கிடையாது, சோதனை கிடையாது. வர்ணம் அடிக்கப் போன படகு மேல்தட்டோடு திரும்பி வந்தாலும் கேட்பாரில்லை. தானூர் போன்ற விபத்துகளுக்கு வழி இப்படித்தான் திறக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், சொந்தப் பராமரிப்பை ஒரு கலையாகவே வளர்த்த ஊர் இது. படகு வீட்டின் முன்னோடியான கெட்டுவள்ளம் ஆணி இல்லாமல் கட்டியது. நம் பக்கத்தில் அயினி என்று சொல்லும் ஆஞ்சிலி மரப் பலகைகளைக் கயிற்றால் பிணைத்து, இடுக்கில் தேங்காய் நாரைத் திணித்து, முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசிக் கறுப்பேற்றுவார்கள். நெல்லும் கொப்பரையும் ஏற்றிய காலத்தில் அவிழ்ந்த கட்டைத் திரும்பக் கட்டத் தச்சரும் படகுக்காரரும் போதும். ஓட்டப் பந்தயச் சுண்டன் வள்ளத்தின் கதை இன்னும் சுவாரசியம். பல சுண்டன்கள் தனியார் சொத்தல்ல, ஊரின் சொத்து. பந்தயம் முடிந்ததும் கொட்டகையில் ஏற்றிவைத்து மீனெண்ணெய் பூசி ஊரே காக்கிறது. யார் பராமரிப்பது, எங்கே வைப்பது என்ற இரண்டு கேள்விக்கும் அங்கே ஒரே பதில்.

கொச்சிக்கு வந்தால், தமிழ்ப் படகுகளையே பார்க்கலாம். கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டார மீனவர்கள் ஆழ்கடலில் சுறாவும் சூரையும் பிடிப்பதில் பேர் பெற்றவர்கள். வாரக்கணக்கில் கடலில் தங்கிவிட்டு அவர்கள் மீனை இறக்குவது பெரும்பாலும் கொச்சியில். பராமரிப்புக்கும் அந்தப் பகுதித் தளங்களை நம்ப வேண்டியிருக்கிறது. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் இழுவைமடித் தடை. மேற்குக் கரை முழுதும் படகுகள் ஒதுங்குவது அந்த மழைக்காலத்தில்தான். பலகையைக் காயவைக்கவும் வர்ணம் பூசவும் அதைவிடப் பொருந்தாத பருவம் கிடையாது. மரப்படகாக இருந்தவரை படகுக்காரரே உளியும் கொட்டாப்புளியும் எடுப்பார். இரும்புப் படகு வந்தபின் துருப்பிடித்த தகட்டை வெட்டி வெல்டிங் வைக்கத் தேர்ந்த ஆளும் மின்வசதியும் வேண்டும். இங்கே சொந்தக் கையின் எல்லை குறுகிவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். டீசல் தொட்டிக்குப் பக்கத்தில் பழகாத கையால் பொறி பறக்கவிடுவது அடுத்த படகுக்காரரையும் சேர்த்துக் கொளுத்தும் வேலை.

மலையைத் தாண்டிக் கிழக்கே வந்தால் காட்சி மாறுகிறது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 2001இல் 45 நாளாகத் தொடங்கியது, 2017 முதல் 61 நாள். மீன் இனப்பெருக்கத்துக்காக விட்ட இடைவெளி என்பது அரசின் கணக்கு. ராமேஸ்வரம், நாகப்பட்டினம், காசிமேடு விசைப்படகுக்காரர்களுக்கு அது படகை நிமிர்த்தும் பருவம். நல்லவேளையாக இங்கே தடைக்காலமும் வெயிலும் ஒன்றாக வருகின்றன.

கடற்கரையே பட்டறை என்பது தமிழனுக்குப் புதிதல்ல. கட்டுமரத்தைக் கடலிலிருந்து வந்ததும் அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் காயப்போடுவார்கள். மறுநாள் திரும்பக் கட்டுவார்கள். உலகத்திலேயே தினமும் முழுப் பராமரிப்பு கண்ட கலம் அதுவாகத்தான் இருக்கும்! விசைப்படகு வந்ததும் அந்த வசதி போயிற்று. டன் கணக்கான எடையை ஆள்பலத்தால் மட்டும் மணலில் இழுக்க முடியாது. சாய்தளம் வேண்டும், அல்லது கிரேன்.

கரையேறிய மரப்படகில் முதல் வேலை சுரண்டல். பாசியும் சிப்பியும் ஒட்டிய அடிப்பாகம் காய்ந்துபோனால் கல்லாக இறுகிவிடும் என்பதால் ஈரம் உலருமுன் தொடங்க வேண்டும். பிறகு கூரான இரும்பால் பலகையைக் குத்திப் பார்ப்பார்கள். மெத்தென்று இறங்கினால் உள்ளே உளுத்திருக்கிறது. ஏராவும் வங்கும் நன்றாக இருந்தால் பலகை மாற்றுவது பெரிய விஷயமல்ல. ஏராவே போயிருந்தால் புதுப் படகு கட்டுவதை யோசிப்பது மேல். அடுத்தது கலப்பத்து: பலகைகளின் இடுக்கில் பழைய பஞ்சைக் கிளறி எடுத்துவிட்டுப் புதுப் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறக்குவது. இலேசாக அடித்தால் கசியும், ஓங்கி அடித்தால் பலகை பிளக்கும். கை பழகியவருக்கு அடிக்கும் ஓசையிலேயே தெரிந்துவிடும். மேலே மக்குப் பூசி, வர்ணம் அடித்து, சுக்கான், விசிறித் தண்டு, அதன் புஷ், இறைப்பான் என்று வரிசையாகப் பார்த்து முடிப்பதற்குள் வாரங்கள் ஓடிவிடும். மரத்தின் மேல் பைபர் போர்த்திவிட்டால் தொல்லை விட்டது என்று நினைப்பவர்களும் உண்டு. போர்வைக்குள் ஒருமுறை தண்ணீர் புகுந்தால் வெளியேற வழியின்றி மரம் உள்ளுக்குள்ளேயே அழுகும். வெளியிலிருந்து பார்த்தால் படகு பளபளவென்றிருக்கும்.

இந்த வேலைகளில் பாதியை உரிமையாளரும் அவர் படகில் போகும் தொழிலாளர்களும் செய்ய முடியும், செய்தும் வருகிறார்கள். தச்சரும் மெக்கானிக்கும் மீதியைப் பார்த்துக்கொள்கிறார்கள். தடை என்பதோ எல்லோருக்கும் ஒரே நாளில் தொடங்குகிறது. சாய்தளத்தில் இடம் கிடைக்காதவர் முகத்துவாரத்து மணல் திட்டில் படகைச் சாய்த்து வேலை பார்ப்பார். ஓதம் ஏறும்போது நிறுத்தி, வற்றும்போது தொடர வேண்டும். சுரண்டிய வர்ணமும் கழிவு எண்ணெயும் அங்கேயே கடலில் கலக்கும், அதைத் தடுக்க ஒரு தார்ப்பாய் விரிப்பவரைக் காண்பது அரிது.

பராமரிக்காத படகு என்னவாகும் என்பதற்கு ராமேஸ்வரத்துக்காரர்களிடம் வேதனையான சாட்சியம் உண்டு. எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்த படகுகள் காரைநகர் போன்ற இடங்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. மரப்படகு சும்மா நிற்கக் கூடாது. வெயிலில் பலகை சுருங்கி இணைப்பு வாய்பிளக்கும். மழைநீர் தேங்கும், இறைக்க ஆளில்லாமல் இருந்த இடத்திலேயே மூழ்கும். விடுதலை உத்தரவு வந்த பிறகும் ஓட்டிவர முடியாமல் போன படகுகள் பல. 2022 பிப்ரவரியில் இலங்கை அரசு நூற்றுக்கு மேற்பட்ட படகுகளை ஏலம் போட்டபோது அவற்றில் படகு என்று சொல்லத்தக்கவை எத்தனை இருந்தன என்பது வேறு விஷயம். வாழ்நாள் சம்பாத்தியத்தை அதில் போட்டவர்கள் மறுகரையில் நின்றார்கள்.

ஆகவே உரிமையாளரின் கையைக் கட்டிப்போடுவது தீர்வாகாது. அதே சமயம் அந்தக் கை எதையும் செய்யலாம் என்று விடவும் முடியாது. கோடு போட வேண்டிய இடம் மராமத்துக்கும் மாற்றத்துக்கும் நடுவில். சுரண்டுவது, கலப்பத்து அடிப்பது, வர்ணம் பூசுவது, இறைப்பான் மாற்றுவது, உளுத்த பலகைக்குப் பதில் அதே கனத்தில் இன்னொன்றைப் பொருத்துவது ஆகியவை உரிமையாளரின் உரிமை. தட்டு கூட்டுவது, இருக்கை சேர்ப்பது, கனமான இயந்திரத்தை ஏற்றுவது ஆகியவற்றால் எடை இடம் மாறுகிறது. அதற்குக் கப்பல் பொறியாளரின் கணக்கும் ஆய்வாளரின் கையெழுத்தும் இல்லாமல் படகு தண்ணீரில் இறங்கக் கூடாது. இந்தக் கோட்டைக் காக்கும் சுலபமான வழி, இடத்தை மட்டும் தரும் தளங்களை அரசே துறைமுகங்களிலும் காயல் ஓரங்களிலும் அமைப்பது. வாரத்தில் ஒரு நாள் ஆய்வாளர் அங்கே வந்து போனால் போதும், வேலை கண்முன் நடக்கும். திருட்டுத் தளத்துக்குப் போகும் அவசியமும் குறையும்.

அதுவரை தளம் தேடுகிறவர் வாடகையை மட்டும் விசாரித்துவிட்டுத் திரும்பக் கூடாது. சொந்த ஆளை உள்ளே விடுவார்களா, பொருளை வெளியிலிருந்து வாங்கிவரலாமா, மழையால் வேலை நின்ற நாளுக்கும் வாடகை உண்டா, தூக்கும்போது ஏரா உடைந்தால் பொறுப்பு யாருடையது, அடுத்த படகில் வெல்டிங் நடக்கும்போது தீயணைக்க என்ன இருக்கிறது என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. முக்கியமாக, தளத்துக்கு உரிமம் உண்டா என்று பார்க்க வேண்டும். உரிமமில்லாத இடத்தில் நடந்த விபத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்தால் யாரையும் நோக முடியாது.

ஆனையிறங்கல் போன்ற மலை ஏரிகளுக்குத் தளம் என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். நீர்மட்டம் எதுவானாலும் படகை ஏற்றக்கூடிய நீளமான சிமென்ட் சரிவு, மழை படாத ஒரு கூரை, சுரண்டிய குப்பை ஏரியில் விழாமல் பிடிக்க ஒரு தொட்டி போதும். அந்த ஏரியின் தண்ணீரைப் படகுக்காரர்கள் மட்டும் பயன்படுத்துவதில்லை. இரவில் யானைக் கூட்டம் வந்து குடிக்கிறது.